எர்த்துக்கு நாலு குடம்

எங்கள் பிளாக்கில் இன்று கைக்குழந்தைகூடப் போனைத் தேய்க்கிறது. பேரன்கள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "இது இன்னான்னு தெரியுமா ஆயா உனக்கு?" என்று என்னைக் கேட்கிறார்கள். தெரியுமாவா? இந்த நாலு மாடியில் இருக்கிற அத்தனை பேரிலும் கம்ப்யூட்டரை முதலில் தொட்டவள் நான்தான். நான் தொட்டேன், அது என்னைக் கடித்தது. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். இவர்களுடைய அப்பன்மார் பிறக்கவே இல்லை.

ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாகவே சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே இங்கே கொண்டுவந்து குடிவைப்பதற்கு முன்னால் நாங்கள் அடையாற்றங்கரையில் இருந்தோம். எங்கள் குடிசைகளுக்குப் பின்னால் நீளமாக ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆபீஸ். என்ன ஆபீஸ் என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் வந்து கணக்குப் போடுகிற இடம் என்று அம்மா சொல்வாள். அப்பா போன பிறகு அம்மா அங்கே பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்த்துவிட்டவர் மாமா, அம்மாவின் தம்பி. அதே ஆபீசில் வயர்மேன். ஆதம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். அம்மா தினக்கூலிதான். ஆனால் அந்த வருஷம் அவளைப் பர்மனென்ட் ஆக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அம்மா அந்த வார்த்தையை 'பர்மென்டு' என்று சொல்வாள். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும்.

அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் ரூம் என்று ஒன்று இருந்தது. எப்போதும் ஏசி. உள்ளே வரிசையாக டெர்மினல்கள். டெர்மினல் என்றால், டைப் அடிக்கிற மிஷினையும் டிவிப் பெட்டியையும் ஒட்டவைத்தது போல இருக்கும். எங்கள் தெருவில் யாரும் டிவிகூடப் பார்த்திராத காலம் அது. கறுப்புக் கண்ணாடியில் பச்சைப் பச்சையாக எழுத்து ஓடும். உண்மையான கம்ப்யூட்டர் பக்கத்து ரூமில் பீரோ பீரோவாக நிற்கிறது, இது அதனோடு பேசுகிற வாய்தான் என்று மாமா சொல்வார். எங்களுக்கு வாய்தான் கம்ப்யூட்டர்.

தூசி போகக்கூடாது என்பதால் அந்த ரூமுக்குள் நுழைகிற எல்லாரும் செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். டைப் அடிக்கிற பெண்கள் கோயிலுக்குள் போவதுபோல வெறுங்காலோடு போவார்கள். பெரிய சார் மட்டும் ஷூவோடு போவார். மயிலாப்பூர்க்காரர், ஸ்கூட்டரில் வருவார். மூக்குக்கு மேலே கோபம். ஆபீசர் ஷூவில் தூசி ஒட்டாது போலிருக்கிறது என்று மாமா சொல்லிச் சிரிப்பார். 'ஷூ காலு' என்றுதான் அவருக்கு எங்கள் வீட்டில் பெயர்.

அதற்கு முந்தின வருஷ மழை ஏமாற்றிவிட்டிருந்தது. எங்கள் தெருக் குழாய் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் ஊதியது. லாரி வருகிற அன்று குடத்துக்குக் குடம் மோதி, மயிரைப் பிடித்துச் சண்டை நடக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் தொட்டியிலோ தண்ணீர் நிறைய இருந்தது. ஆனால் கேட்டைத் தாண்டி ஒரு சொம்பு தண்ணீர்கூட வெளியே போகக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு.

அந்தத் தொட்டியிலிருந்து அம்மா தினமும் இரண்டு குடம் எடுக்கலாம். வீட்டுக்கு இல்லை, எர்த்துக்கு.

ஆபீசுக்குப் பின்னால், மதிலை ஒட்டி ஒரு குழி. கரியும் உப்பும் போட்டு, நடுவில் ஒரு குழாயை இறக்கி, மேலே கல்லால் மூடியிருப்பார்கள். அங்கிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டர் ரூமுக்குப் போகும். ஆபீஸ் முழுக்க வேறு எர்த், கம்ப்யூட்டருக்கு மட்டும் இந்தத் தனி எர்த். அம்மா வேலைக்குச் சேர்ந்தபோதே மாமா சொல்லிவிட்டார்.

"யக்கா, மிஷின்ல தப்பிச்சி வர்ற கரண்டு இது வழியா மண்ணுக்குள்ள பூடும். மண்ணு ஈரமா இருந்தாத்தான் அத்த உள்ள வுடும். தெனம் ரெண்டு குடம் ஊத்திடு, மறந்துடாத."

"மன்சனுக்கு இல்லாத தண்ணி, மண்ணுக்கு தெனம் ரெண்டு குடமா?" என்றாள் அம்மா.

"மண்ணு பர்மென்டு யக்கா. நீதான் தினக்கூலி."

அந்தக் குழிக்குப் பக்கத்தில், மதிலின் அடியில், மழைத்தண்ணீர் வெளியேறுவதற்காக ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் தரை இறக்கம். ஓட்டைக்கு நேர் கீழே ஒரு குடத்தை வைத்தால் கச்சிதமாக நிற்கும். வெயில் ஏறிய மாதங்களில், ஆபீசில் எல்லாரும் சாப்பிடப் போகிற நேரத்துக்கு நான் அங்கே குடத்தோடு நிற்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "வருது, புடி" என்று அவள் குரல் கேட்கும். ஓட்டையில் செருகியிருந்த ஒரு வளைந்த தகரத்தின் வழியாகத் தண்ணீர் மெல்ல என் குடத்துக்குள் விழும்.

"எப்படிம்மா வருது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எர்த்துக்கு ஊத்தறேன். அது குடிச்சது போக மிச்சம் நம்ப பக்கம் வருது" என்றாள்.

நான் நம்பினேன். மண்ணுக்குள் வாயை வைத்துக்கொண்டு ஏதோ ஒன்று குடிக்கிறது, குடித்துவிட்டு எங்களுக்கும் கொஞ்சம் விடுகிறது. நல்ல குணமுள்ள எர்த். தண்ணீர் கொஞ்சம்கூடக் கரி வாசம் அடிக்காமல் இவ்வளவு சுத்தமாக வருகிறதே என்று ஆச்சரியப்பட்டதும் உண்டு.

அந்தப் பெரிய லீவில்தான் டெர்மினல்கள் கடிக்க ஆரம்பித்தன.

முதலில் சொன்னவள் சாந்தோம் அக்கா. டைப் அடிக்கிற பெண்களில் ஒருத்தி. சாந்தோமிலிருந்து வருவாள், அவள் வீட்டில் எல்லாரும் டீச்சர்கள், அதனால் யாருக்கும் பயப்பட மாட்டாள். லீவு நாட்களில் அம்மா என்னையும் கூட்டிப்போய் வராந்தாவில் உட்காரவைப்பாள் என்பதால் எனக்கு எல்லாம் கேட்கும்.

"சார், பெட்டி கடிக்குது. நான் ஒண்ணு அடிச்சா அது கொக்கியும் கேள்விக்குறியுமா போடுது."

பெரிய சார் வந்தார். பெட்டியைத் தொட்டார், தட்டினார், தடவினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா. ஏசில உக்காந்துண்டு இருக்கேள், கை மரத்துப் போயிருக்கும்."

"மரத்துப் போன கைக்கு வலி எப்படி சார் தெரியும்?"

சார் மாமாவைக் கூப்பிட்டார்.

மாமா பெட்டியின் முதுகைக் கழற்றினார். உள்ளே காய்ந்துபோன ஒரு பல்லி. அதை ஸ்க்ரூ டிரைவரின் நுனியில் தூக்கிக் காட்டி, "இவன்தான் சார் குத்தவாளி" என்றார். எல்லாருக்கும் நிம்மதி. செத்த பல்லியைக் கண்டால் ஆகாது என்று அம்மா அதைக் கொண்டுபோய்ச் செடிக்கடியில் புதைத்து, கையை மூன்று முறை கழுவினாள். மறுநாள் காலை சாந்தோம் அக்கா, "பல்லியோட தம்பி உள்ள இருக்கான் போலிருக்கே" என்றாள். பெட்டி மறுபடியும் கடித்தது.

அதற்குப் பிறகு மாமா ஃப்யூஸ் மாற்றினார். வயர் மாற்றினார். கடிக்கிற பெட்டியைத் தூக்கிப்போய் வேறொரு ரூமில் வைத்துப் பார்த்தார். அங்கே அது சாதுவாக இருந்தது. அங்கிருந்த பெட்டியை இங்கே கொண்டுவந்தார், இது கடித்தது.

"பொட்டி மேல தப்பு இல்ல சார். எடத்து மேலதான் ஏதோ கீது" என்றார்.

சார் இடத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார், சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தரையில் அம்மா ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

"இப்படி ஈரம் போட்டுத் துடைச்சா ஏன் ஷாக் அடிக்காது? இவ்ளோ விலை போட்டு வாங்கின மிஷின். திங்கட்கிழமைக்குள்ள சரியாகலேன்னா இந்த ரூம் வேலைக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்."

இந்த ரூம் போனால் வேலையே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் ரூமுக்காகத்தான் அம்மாவை வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை வாசற்படியில் ஊன்றிக்கொண்டே பேசினார்.

"யக்கா, துணிய நல்லா புழிஞ்சிதான தொடைக்கிற?"

"போன வர்சமும் இதே துணி, இதே கைதான். அப்போல்லாம் கடிக்காத மிஷினு இப்போ இன்னாத்துக்கு கடிக்குதாம்?"

"எனுக்கு இன்னா தெரியும்? ஷூ காலு திங்கக்கெயம வரைக்கும் டைம் குட்த்துக்கீது."

"அவுரு கால்ல ஷூ கீது. அவுரு இன்னா வேணா சொல்லுவாரு" என்றாள் அம்மா. வெடுக்கென்றுதான் சொன்னாள். ஆனால் மாமா போன பிறகு அடுப்பு மூட்டாமல் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். அம்மா தரையைக் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒத்தாசை செய்யலாமே என்று நானாக உள்ளே போனேன். அவள் முந்தின நாள் அலசிப்போட்ட துணி ஒன்று கிடந்தது, அதை எடுத்து ஒரு டெர்மினலின் பின்பக்கத் தகட்டைத் துடைத்தேன்.

கட்டெறும்புக் கூட்டம் ஒன்று கைக்குள் புகுந்து தோள்பட்டை வரை ஓடியது போலிருந்தது. வீல் என்று கத்திவிட்டேன். துணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சாந்தோம் அக்கா ஓடிவந்து என்னைத் தூக்கினாள். "குழந்தை கையும் மரத்துப் போச்சா சார்?" என்று கேட்டாள்.

சார் என் காலைப் பார்த்தார். சாந்தோம் அக்காவின் காலைப் பார்த்தார். அம்மாவின் காலைப் பார்த்தார். கடைசியில் தன் காலைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஷூ கயிற்றை அவிழ்த்தார். சாக்ஸையும் கழற்றி உள்ளே திணித்தார். வெள்ளை வெளேரென்ற கால்கள். நடுநடுங்கிக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

சார் வெறுங்காலோடு போய்த் தகட்டைத் தொட்டார். கையை உதறி இழுத்துக்கொண்டார்.

"இத்தனை நாளும் ஷூ என்னைக் காப்பாத்திண்டு இருந்திருக்கு" என்றார் மெதுவாக. பிறகு மாமாவைப் பார்த்து, "எர்த்தைப் பாருப்பா" என்றார்.

மாமா டெஸ்ட் லேம்பை எடுத்துவந்தார். ஒரு ஹோல்டரில் பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். ஒரு வயரைக் கரண்ட் வருகிற ஓட்டையில் செருகி, இன்னொன்றைப் பக்கத்து ஓட்டையில் வைத்ததும் பல்பு பளீரென்று எரிந்தது. அந்த இன்னொன்றை எடுத்து எர்த் ஓட்டையில் வைத்தார். பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாக, வேண்டாவெறுப்பாகத் தெரிந்தது.

"இதான் சார். மண்ணு வாங்க மாட்டேங்குது. போற வழி இல்லாத கரண்டு பொட்டி மேலயே உக்காந்துக்கினு கீது" என்றார் மாமா.

எல்லாரும் பின்பக்கம் போனோம். உச்சி வெயில். சார் ஷூவை மாட்டிக்கொள்ள மறந்தே வந்துவிட்டார். தரை பொசுக்கியது. நாலு எட்டு குதித்துப் பார்த்துவிட்டு மதில் நிழலுக்கு ஓடினார். அங்கே ஓட்டைக்கு முன்னால் சேறு. இரண்டு காலும் அதில் புதைந்தன. ஊரே காய்ந்து கிடக்கிற அந்த வெயிலில், கணுக்கால் வரைக்கும் குளுகுளுவென்ற சேற்றில் சார் நின்றார்.

மாமா குழி மூடிக்கல்லைப் புரட்டினார். உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். விரலைத் திறந்ததும் அது மாவாகப் பறந்தது. மாமா அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டையைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சாதாரணமாக நடப்பதுபோல நடந்துபோய்த் தகரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெனம் தண்ணி ஊத்தறாளா?" என்று சார் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அம்மாவுக்கு வேலை போய்விடக் கூடாதே என்று எனக்கு அவசரம்.

"தெனம் ரெண்டு குடம் ஊத்துறாங்க சார். ஒரு நாளும் வுட்டதில்ல. எனுக்குத் தெரியும்" என்றேன்.

மிச்சம் எங்களுக்கு வரும் என்பதையும் சொல்லத்தான் வாய் வந்தது. அதற்குள் அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. பெருமை பேசாதே என்கிறாள் போலும் என்று நிறுத்திக்கொண்டேன்.

சார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

மாமா தொண்டையைச் செருமினார். "சார், குழியில உப்பு கரைஞ்சி போச்சி. வேற கரி, வேற உப்பு போட்டுக் குடுக்கறேன். ஆனா இந்த வெயிலுக்கு ரெண்டு குடம் எட்டாது சார். தெனம் நாலு குடம் வோணும்."

"நாலா?"

"ஆமா சார். இந்த மண்ணு அப்படி."

சார் மூடிக்கல்லின் விளிம்பில் ஒவ்வொரு காலாக வைத்துச் சேற்றை வழித்தார். அவசரமே படவில்லை. வழித்து முடித்துவிட்டு, "மண்ணு அப்படின்னா ஊத்துங்கோ. வாட்ச்மேன்கிட்ட நான் சொல்லிடறேன்" என்றார்.

மாமாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ரொம்பப் பொறுப்பான ஆள் போல முகத்தை வைத்துக்கொண்டார். "இந்த ஓட்டையையும் அடைச்சுடறேன் சார். பெருச்சாளி வருது."

போய்க்கொண்டிருந்த சார் நின்றார். திரும்பி, ஓட்டையைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். ஒரு துணுக்கு மேகம் இல்லை.

"வேண்டாம்ப்பா. மழை வந்தா தண்ணி போக வழி வேணுமோன்னோ" என்றார். சொல்லிவிட்டு வெயிலில் குதித்துக் குதித்து ஷூவைத் தேடிப் போனார்.

அன்று மாமா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்.

"ஷூவக் கயட்டுனா புத்தியும் கயண்டுக்கும் போல யக்கா. ஆறே காஞ்சி கெடக்குது, இவுரு மயத்தண்ணிக்கு வயி வுட்றாராம்."

நானும் சிரித்தேன். மாமா நொண்டி நொண்டிச் சார் மாதிரி நடந்து காட்டினார், இன்னும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "துன்ற சோத்தைத் துன்னுட்டுப் போ" என்று மாமாவைத் திட்டினாள்.

திங்கட்கிழமை டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிந்தது. டெர்மினல்கள் வாயை மூடிக்கொண்டு, அடித்த எழுத்தை அடித்தபடி போட்டன. சாந்தோம் அக்கா என்னைக் கூப்பிட்டு, என் பெயரைப் பச்சை எழுத்தில் அடித்துக் காட்டினாள். இங்கிலீஷ் எழுத்து, எனக்குப் படிக்க வரவில்லை. இருந்தாலும் என் பெயர்தானே என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆனாள்.

மத்தியானங்களில் நான் வழக்கம்போல ஓட்டைக்குக் கீழே குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முன்னைப்போல் போனவுடன் தண்ணீர் வராது, கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். எர்த்துக்கு இந்த வெயிலில் தாகம் அதிகம், வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் நமக்கு விடும் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் எங்கள் பிளாக்கில் எல்லார் வீட்டுக் குழாயிலும் ஷாக் அடித்தது. எலக்ட்ரீஷியன் வந்து கீழே புதிதாக எர்த் குழி போட்டார். தினம் நாலு குடம் ஊற்ற வேண்டும், ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொள்ளலாம் என்று நான் எல்லாரிடமும் சட்டமாகச் சொன்னேன். கம்ப்யூட்டர் ஆபீஸ் பார்த்தவள் அல்லவா.

எலக்ட்ரீஷியன் சிரித்தார். "நாலு கொடமா? இது எர்த்தும்மா, நெல்லு வயலு இல்ல. வாரத்துக்கு ஒரு பக்கெட்டு ஊத்து, போதும். கரண்டைப் பத்திப் படிச்சவன் எவனும் நாலு கொடம்னு சொல்ல மாட்டான்."

நான் படியேறி வந்துவிட்டேன்.

டெர்மினல் கடித்த அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஆபீஸ் வளாகத்துத் தண்ணீரெல்லாம் மதில் ஓட்டை வழியாகச் செம்மண் நிறத்தில் எங்கள் பக்கம் பாய்ந்தது. அம்மா வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார் சொன்ன மய வந்துட்சி" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதல் மழைக்கு, இருந்தவரைக்கும் அதைச் சொன்னாள். அவள் ஷூ காலைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் நான் மாமாவைப் போல நொண்டி நொண்டி நடந்து காட்டுவேன்.